வெளியேற்றியவர்களை முதலில் அழையுங்கள்

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் மறுபடியும் எந்திரங்கள் ஓடப் போகின்றன. 2025 அக்டோபர் கடைசியில் அந்த நிறுவனமும் தமிழக அரசும் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தப்படி 3,250 கோடி ரூபாய் முதலீடு வருகிறது. 2029 முதல் ஆண்டுக்கு 2,35,000 என்ஜின்கள் வரை அங்கே தயாராகும். 600 பேருக்கு மேல் நேரடி வேலை கிடைக்கும். இந்தச் செய்தியில் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அரசும் நிறுவனமும் வெளியிட்ட அறிவிப்புகளை வரி வரியாகப் படித்தும் நாம் தேடிய ஒரு வாக்கியம் அகப்படவில்லை. 2022-ல் அதே ஆலையிலிருந்து வெளியேற்றப்பட்ட தொழிலாளர்களுக்கு இந்த 600 இடங்களில் முதல் உரிமை உண்டு என்பதே அந்த வாக்கியம். அது விடுபட்டதை மறதி என்று நாம் ஏற்க மாட்டோம். வன்மையாகக் கண்டிக்கிறோம், திருத்தும்படி கேட்கிறோம்.

நான்கைந்து ஆண்டுகளுக்குள் பலருக்கு மறந்துபோன கதை இது. 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் இனி கார் தயாரிப்பதில்லை என்று ஃபோர்டு அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று காரணம் சொன்னது. குஜராத்தின் சனந்த் ஆலையில் அந்த ஆண்டுக் கடைசிக்குள்ளும், சென்னை ஆலையில் 2022 நடுவாக்கிலும் கார் உற்பத்தி நின்றுவிடும் என்றது. ஏறத்தாழ 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருந்தது. சென்னை ஆலையில் மட்டும் சுமார் 2,600 பேர். இழப்பீட்டுப் பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது. 2022 மே மாத முடிவில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது. அதன் பிறகு ஜி.எஸ்.டி. சாலையில் ஷிப்ட் நேரத்துக்கு வரிசைகட்டும் கம்பெனி பஸ்களில் ஃபோர்டு பஸ் இல்லை.

நட்டத்தில் ஓடும் ஆலையை ஆண்டுக்கணக்கில் ஓட்டு என்று எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்த முடியாது. அது நமக்குத் தெரியும். ஃபோர்டின் நட்டம் பொய்க்கணக்கு என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த நட்டத்துக்கு யார் பொறுப்பு? எந்த மாடலைக் கொண்டுவருவது, எதைத் தாமதப்படுத்துவது, எவ்வளவு பெரிய ஆலை கட்டுவது என்று முடிவெடுத்தவர் எவரும் அசெம்பிளி லைனில் நின்று போல்ட் முடுக்கியவர் இல்லை. ஆண்டுக்கு இரண்டு லட்சம் கார், 3,40,000 என்ஜின் என்று கணக்குப் போட்டு ஆலையை விரித்தது நிர்வாகம். அந்தக் கணக்கு தப்பியபோது வீட்டுக்குப் போனவர் தொழிலாளி. இங்கே தயாரான ஈகோஸ்போர்ட் கார்கள் அமெரிக்கச் சந்தைக்கே கப்பலேறின. தரத்தில் குறை வைத்தார்கள் என்று எவரும் அவர்களைக் குற்றம் சொன்னதில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஃபோர்டு சென்னையை விட்டுப் போகவே இல்லை. மறைமலை நகரில் கதவை மூடிய நிறுவனம், சோழிங்கநல்லூரில் தன் தொழில்நுட்ப, வணிகச் சேவை அலுவலகத்தை வளர்த்துக்கொண்டே இருந்தது. 2024 செப்டம்பரில், அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலின் அமெரிக்கா சென்றதைத் தொடர்ந்து, ஆலையை ஏற்றுமதிக்காகத் திறக்கப்போவதாக நிறுவனம் விருப்பக் கடிதம் கொடுத்தது. தமிழ்நாட்டில் தன்னிடம் 12,000 பேர் இருக்கிறார்கள், மூன்றாண்டுகளில் இன்னும் 2,500 முதல் 3,000 பேரைச் சேர்ப்போம் என்று அப்போது அதுவே சொன்னது. கணினி முன்னால் உட்காருபவருக்கு இந்த ஊரில் இடம் இருந்தது. எந்திரத்துக்கு முன்னால் நின்றவருக்கு மட்டும் இல்லாமல் போயிற்று. ஒரே நிறுவனம், ஒரே மாநகரம். ஆலைத் தொழிலாளியை அலுவலகத்தில் எப்படி வைப்பது என்று கேட்கலாம். எல்லோரையும் வைக்க முடியாதுதான். ஆனால் பயிற்சி கொடுத்துச் சிலரையாவது வைத்துக்கொள்ளும் திட்டம் ஒன்று பேச்சுவார்த்தை மேசைக்கு வந்திருக்க வேண்டும். பேசப்பட்டதெல்லாம் பணம்தான்: ஓர் ஆண்டு சர்வீசுக்கு எத்தனை நாள் சம்பளம் என்ற பேரம்.

சனந்தில் கதை வேறு மாதிரி முடிந்தது. அந்த கார் ஆலையை டாடா குழும நிறுவனம் 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2022 ஆகஸ்டில் ஒப்பந்தம், 2023 ஜனவரியில் கைமாறியது. ஆலையோடு சேர்த்து, தகுதியுள்ள ஊழியர்கள் அனைவரையும் எடுத்துக்கொள்வது அந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. குஜராத் அரசும் அந்த ஏற்பாட்டில் பங்கெடுத்தது. நிலத்தோடும் எந்திரத்தோடும் ஆளையும் சேர்த்தே ஒப்படைக்க முடியும் என்று நாட்டின் இன்னொரு மூலையில் நடத்திக் காட்டிவிட்டார்கள். சென்னை ஆலை கைமாறவில்லை என்பது உண்மை. இப்போது ஃபோர்டே திரும்பி வருகிறது. வேறு முதலாளி மூன்றாம் மனிதரின் தொழிலாளிகளை ஏற்றுக்கொண்டார். பழைய முதலாளி தன் சொந்தத் தொழிலாளியை ஏற்க என்ன தடை?

இதுவரை சொன்னது ஃபோர்டு என்ற பெயர் பொறித்த அடையாள அட்டை வைத்திருந்தவர்களைப் பற்றி மட்டும்தான். அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பத்திரிகைகள் வாசலில் வந்து நின்றன. கையில் ஒரு தொகையாவது வந்தது. அந்த ஆலையை நம்பி மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று பரந்து கிடந்த பாகத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களைப் பற்றி அன்றும் யாரும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை.

கார் கம்பெனி ஒன்று தானே முழுக் காரையும் செய்வதில்லை. சீட் ஓரிடத்தில், பம்பரும் டேஷ்போர்டும் இன்னோரிடத்தில், வயரிங் ஒரு கம்பெனி, சைலன்சர் ஒரு கம்பெனி, தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் நாலு தெரு தள்ளி. மேலே உள்ள கம்பெனியின் ஷெட்யூல் வந்தால்தான் கீழே உள்ளவரின் எந்திரம் ஓடும். சரக்கைச் சேர்த்து வைக்கும் வழக்கமும் இல்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை லாரி போய்க்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் மேலே உள்ளவருக்குக் கிடங்குச் செலவு மிச்சம். கீழே உள்ளவருக்கு, ஷெட்யூல் நின்ற அன்றைக்கே வேலை இல்லை.

ஒரு மோல்டிங் ஷாப்பை எடுத்துக்கொள்வோம். ஈகோஸ்போர்ட்டின் முன்பக்க பம்பருக்கான அச்சு, பல டன் எடையுள்ள இரும்புப் பாளம். கிரேன் வைத்துத் தூக்கி எந்திரத்தில் மாட்டுவார்கள். அதில் வேறு கம்பெனி காரின் பம்பரை வார்க்க முடியாது. மாடல் நின்றால் அந்த அச்சு மூலைக்குப் போகும், மீறினால் எப்போதாவது உதிரிபாகத்துக்காக நான்கு நாள் ஓடும். பெரிய கம்பெனியாக இருந்தால் இரண்டு மூன்று கார் நிறுவனங்களுக்குச் சப்ளை செய்து தப்பித்துக்கொள்ளும். ஒற்றை வாடிக்கையாளரை நம்பி வங்கிக் கடனில் எந்திரம் வாங்கிய சிறு பட்டறை என்ன செய்யும்? முதலில் ஓவர்டைம் போகும். பிறகு மூன்று ஷிப்ட் இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். பிறகு ஆள் குறைப்பு. அங்கே ஆளைக் குறைக்க நோட்டீஸ் ஒட்டுவதில்லை, பேச்சுவார்த்தை நடப்பதில்லை. காண்டிராக்டரின் சூப்பர்வைசர் ஷிப்ட் முடியும் நேரத்தில் வந்து, "நாளையிலேர்ந்து வர வேண்டாம்பா, வேலை வந்தா கூப்பிடறோம்" என்பார். அவ்வளவுதான் அந்தத் தொழிலாளிக்கான மறுசீரமைப்பு.

ஐ.டி.ஐ. முடித்து விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து, ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கி வேலை பார்க்கும் பையன்கள் இவர்கள். டிரெய்னி என்ற பெயரில் சிலர், காண்டிராக்ட் என்ற பெயரில் பலர். பெர்மனென்ட் தொழிலாளி செய்யும் அதே வேலையை அதே எந்திரத்தில் செய்வார்கள். சம்பளத்தில் பாதி கூட வராது. தமிழ்நாட்டில் 1981-லேயே ஒரு சட்டம் போட்டார்கள்: 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று. இந்தியாவில் முன்னோடியான சட்டம். அதை எப்படித் தட்டிக்கழிப்பது என்பதற்குத்தான் காண்டிராக்டர் பெயரை மாற்றுவது, நடுவில் சில நாள் 'பிரேக்' கொடுத்து மறுபடி சேர்ப்பது என்று இத்தனை வழிகள் பிறந்தன. தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆய்வுக்குப் போகும் ஆலைகள்தான் இவை. பார்க்க வேண்டியதை அவர்கள் பார்த்திருந்தால் 2022-ல் எத்தனை பேர் பாகத் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறினார்கள் என்பதற்காவது ஓர் அரசுக் கணக்கு இருக்க வேண்டும். அப்படியொரு கணக்கை அரசு மக்கள் முன் வைத்ததே இல்லை.

ஃபோர்டு 2021-ல் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் உறுதி கொடுத்தது. கார் உற்பத்தி நின்றாலும் உதிரிபாகம் கிடைக்கும், சர்வீஸ் உண்டு, வாரண்டி செல்லும் என்றது. கார் வாங்கியவருக்கு அது நியாயம், அவர் பணம் கொடுத்தவர். அந்த உதிரிபாகத்தைச் செய்தவருக்கு அப்படி ஓர் உறுதியும் தரப்படவில்லை. வாடிக்கையாளரின் வண்டிக்குப் பத்தாண்டு ஆயுள் கணக்குப் போடத் தெரிந்த நிறுவனத்துக்கு, தொழிலாளியின் குடும்பத்துக்கும் ஆயுள் உண்டு என்பது ஏன் தெரியவில்லை?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் கோபம் கூடத்தான் செய்கிறது. பழைய தொழில் தகராறுச் சட்டம் 1947-ல், ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுவேலையில் முன்னுரிமை தரும் பிரிவு ஒன்று இருந்தது: 25-ஹெச். முதலாளி மறுபடி ஆள் எடுத்தால் பழைய ஆளுக்கு வாய்ப்புக் கொடுத்துவிட்டுத்தான் புது ஆளைப் பார்க்க வேண்டும். அதற்குக் காலக்கெடு இல்லை. ஆனால் அது ஆட்குறைப்புக்குத்தான், ஆலையையே மூடினால்? 1956-ல் ஹரிபிரசாத் சிவசங்கர் சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம், தொழில் நடந்துகொண்டிருக்கும்போது உபரி ஆளைக் குறைப்பதுதான் ஆட்குறைப்பு, தொழிலையே மூடுவது அதில் சேராது என்றது. அதற்கு மறு ஆண்டே நாடாளுமன்றம் மூடலுக்கும் இழப்பீடு உண்டு என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. இழப்பீட்டுக்கு வழி செய்தவர்கள், திறக்கும்போது திரும்ப அழைப்பதைப் பற்றி எழுதவில்லை. மூடிவிட்டு மறுபடி திறக்கும் முதலாளிக்கு அந்த இடைவெளி போதும்.

புதிய சட்டம் அந்த இடைவெளியை அடைத்திருக்க வேண்டும். அதற்கு மாறாக அகலமாக்கியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்பு, மறுவேலை உரிமைக்கு ஓராண்டு என்று காலக்கெடு வைத்துவிட்டது. ஆட்குறைப்பு நடந்த ஓராண்டுக்குள் ஆள் எடுத்தால் மட்டுமே பழையவருக்கு முன்னுரிமை. பன்னிரண்டு மாதமும் ஒரு நாளும் பொறுத்திருக்க எந்த நிர்வாகத்துக்குத்தான் முடியாது? ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டிய ஆலைகளின் அளவு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்த்தப்பட்டிருக்கிறது. பாகத் தொழிற்சாலைகளில் கணிசமானவை, காண்டிராக்ட் ஆட்களைத் தள்ளிவிட்டுக் கணக்கெடுத்தால், இந்த 300-க்குக் கீழேதான் நிற்கும். அனுமதி கேட்டு 60 நாளுக்குள் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே ஆகிவிடும். குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவரின் காலம் முடிந்து அனுப்பினால் அது ஆட்குறைப்பே இல்லை. வேலையிழந்தவருக்கு மறுதிறன் நிதி என்று 15 நாள் சம்பளத்தைத் தரச் சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து நாள் சம்பளத்தில் நாற்பது வயதுக்காரர் எந்தத் திறனைப் புதிதாகக் கற்றுக்கொள்வார்? ஈ.எஸ்.ஐ. வழியாக வேலையிழப்பு உதவி உண்டு என்பார்கள். அதன் ஒரு திட்டத்தில் பாதிச் சம்பளம், அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரே முறை. நிபந்தனைகளைத் தாண்டி அதை வாங்குபவர் எத்தனை பேர் என்பதை ஈ.எஸ்.ஐ. அலுவலக வாசலில் நின்று பார்த்தால் தெரியும்.

மத்திய அரசைக் கண்டிக்கும்போது மாநில அரசு அதன் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மாநிலம் தனிச் சட்டம் போட முடியும் என்பதற்கு 480 நாள் சட்டமே சாட்சி. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தத்தைப் பேரவையில் நிறைவேற்றிவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தில் திரும்பப் பெறுவதாக அறிவித்தது அன்றைய மாநில அரசு. தவறு என்று தெரிந்தால் பின்வாங்க இந்த மாநிலத்துக்குத் தெரியும். முதலீட்டாளர் மாநாட்டு மேடையில் எத்தனை கோடி வருகிறது என்று மார்தட்டுகிறார்கள். 3,250 கோடிக்கு 600 வேலை என்றால் ஒரு வேலைக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. எந்திரமயமான என்ஜின் ஆலையில் அப்படித்தான் இருக்கும், அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் 2,600 பேர் இருந்த இடத்தில் 600 பேர் வரும்போது அந்த 600 யார் என்பது சாதாரணக் கேள்வி ஆகாது. சலுகை கொடுக்கும் அரசு அந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டது கடமை தவறிய செயல். தொழில் துறை அமைச்சகத்துக்கு முதலீடு மட்டுமே கண்ணில் படுகிறது. தொழிலாளர் துறையோ அந்த அறைக்குள் அழைக்கப்பட்டதாகவே தெரியவில்லை.

பழைய ஆட்களுக்குப் புதிய தொழில்நுட்பம் தெரியாது என்று நிர்வாகம் சொல்லக்கூடும். அந்த ஆலையில் என்ஜின் செய்தவர்கள் அவர்கள்தான். பிஸ்டன் எந்த இடைவெளியில் உட்கார வேண்டும், எண்ணெய் கசிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பழக்கம். இன்று வயது முப்பத்தெட்டு, நாற்பது. சிலர் வாடகைக்கு கார் ஓட்டுகிறார்கள், சிலர் வீட்டுக்கு வீடு பார்சல் கொண்டுபோகிறார்கள். சிலர் அதே ஒரகடத்தில் இன்னொரு ஆலையில் காண்டிராக்டில், முன்பு வாங்கிய சம்பளத்தில் ஒரு பகுதிக்கு நிற்கிறார்கள். 2029 வருவதற்கு இன்னும் காலம் இருக்கிறது. அதற்குள் பயிற்சி கொடுத்தால் எந்தத் தொழில்நுட்பத்தையும் கற்றுக்கொள்வார்கள். இருபது வயதுப் பையனைப் புதிதாக எடுத்தால் சம்பளம் குறைவு, சங்கம் கிடையாது, கேள்வி கேட்க மாட்டான் என்பதுதான் காரணம் என்றால் அதை நிர்வாகம் வெளிப்படையாகச் சொல்லட்டும்.

நாம் கேட்பது கருணை இல்லை. புரிந்துணர்வு ஒப்பந்தம் இறுதி ஒப்பந்தமாகி, சலுகைகள் அரசாணையாவதற்கு முன்பே மறுவேலை முன்னுரிமையை அதில் நிபந்தனையாகச் சேருங்கள். 2022-ல் வெளியேறியவர்களின் பட்டியல் நிறுவனத்திடம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் எழுத்து மூலம் அழைப்பு அனுப்புங்கள், வர விரும்பாதவர் மறுக்கட்டும். வயது வரம்பு என்ற பெயரில் அவர்களைக் கழிக்கக் கூடாது. முதலில் இழப்பீடு வாங்கியவர்தானே என்று சொல்லி அந்த உரிமையை மறுக்கவும் கூடாது. வாங்கியது இழந்த வேலைக்கான விலை, வருங்கால வேலையை விற்றதற்கான விலை இல்லை. நிரந்தர வேலையாகவே கொடுங்கள், காண்டிராக்ட் மூலம் வேண்டாம்.

இந்த ஒரு ஆலையோடு நிற்கவும் கூடாது. மறுவேலை உரிமைக்கு மத்தியத் தொகுப்பு வைத்த ஓராண்டுக் கெடுவை உடைத்து, மூடித் திறக்கும் ஆலைக்கும் பொருந்தும்படி தமிழக சட்டப்பேரவை ஒரு திருத்தச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்படும். அதைக் கேட்டுப் போராடுவதும் மாநில அரசின் வேலைதான். பெரிய ஆலை ஒன்று ஆட்குறைப்போ மூடலோ அறிவித்தால், அதற்குச் சப்ளை செய்யும் பாகத் தொழிற்சாலைகளில் காண்டிராக்ட், டிரெய்னி உட்பட எத்தனை பேர் வேலை இழக்கிறார்கள் என்று 30 நாளுக்குள் கணக்கெடுத்து வெளியிட தொழிலாளர் துறைக்கு உத்தரவிட வேண்டும். இழப்பீட்டு நிதிக்கு அந்தப் பெரிய நிறுவனமும் பங்கு கொடுக்க வேண்டும். ஷெட்யூல் போட்டு வேலை வாங்கியது அதுதான். ஃபோர்டு விஷயத்தில் அந்தக் கணக்கெடுப்பை 2022-லிருந்து பின்னோக்கி இப்போதே தொடங்கலாம். ஈ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதிப் பதிவேடுகளில் பெயர்கள் இருக்கின்றன.

ஃபோர்டு நிர்வாகம் தன் பதிலை எழுத்து மூலம் தர வேண்டும். தொழில் துறையும் தொழிலாளர் துறையும் அடுத்த சட்டப்பேரவைக் கூட்டத்தொடரிலேயே இதற்கு விளக்கம் வைக்க வேண்டும்.